பினோத் பிகாரி முகர்ஜியின் கலைவாழ்வு: பாணிகளும் ஊடகங்களும்

பினோத் பிகாரி முகர்ஜி (1904–1980) வங்காளத்தைச் சேர்ந்த ஓவியர், சுவரோவியக் கலைஞர், கலை ஆசிரியர், எழுத்தாளர். நீர்வண்ணம், சுருள் ஓவியம், மரச்செதுக்கு அச்சு, சுவரோவியம், காகித வெட்டு ஒட்டோவியம், மெழுகு உருவம், ஓட்டுப்பதிப்பு எனப் பல ஊடகங்களில் பணியாற்றினார். ஐம்பது வயதைக் கடந்தபின் பார்வையை முழுமையாக இழந்தார். அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கலைப்பணியைத் தொடர்ந்தார்.

இளமையும் கல்வியும்

முகர்ஜி 1904 பிப்ரவரி 7 அன்று கல்கத்தாவின் பெகாலா பகுதியில் பிறந்தார். பிறவியிலிருந்தே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை இருந்தது. இதனால் வழக்கமான பள்ளிக் கல்வி தடைப்பட்டது. 1917-இல் சாந்திநிகேதனில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அங்குத் தொடங்கப்பட்ட கலா பவனத்தில் நந்தலால் போஸின் மாணவரானார்.

இவ்வளவு குறைந்த பார்வை உள்ளவர் ஓவியம் கற்க இயலுமா என்ற தயக்கம் நந்தலாலுக்கு இருந்தது. மாணவரிடம் ஆர்வமும் ஒழுங்கும் இருந்தால் அவர் போக்கில் விட்டுவிடலாம் என்பது இரவீந்திரநாத் தாகூரின் கருத்தாக இருந்தது. 1925 முதல் முகர்ஜி அதே கலா பவனத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

நிலக்காட்சிகளும் சுருள் ஓவியங்களும்

அக்காலத்து வங்காள ஓவியர் பலர் புராணக் காட்சிகளையும் வரலாற்று மாந்தரையும் வரைந்தனர். முகர்ஜியோ தம்மைச் சுற்றியிருந்த பீர்பூம் மாவட்டத்தை வரைந்தார். மழை அரித்த செம்மண் பள்ளங்கள், பனைமரங்கள், சந்தால் மக்களின் ஊர்கள் ஆகியவை அவருடைய கருப்பொருள்களாயின.

1937–38-இல் சப்பான் சென்று அந்நாட்டுத் தூரிகை முறைகளை நேரில் கண்டார். கிழக்காசியச் சுருள் ஓவியத்தை ஒரே பார்வையில் முழுவதும் காண முடியாது. சுருளைச் சிறிது சிறிதாக விரித்துக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு பாதையில் நடந்து செல்பவர் காட்சிகளை அடுத்தடுத்துக் காண்பது போன்றது அது. தொலைவில் உள்ளதைத் தெளிவாகக் காண இயலாத முகர்ஜிக்கு இந்த அமைப்பு மிகவும் பொருந்தியது.

சுவரோவியங்கள்

1940-இல் கலா பவன விடுதியின் மேற்கூரையில் பீர்பூம் கிராம வாழ்வை வரைந்தார். நடுவில் ஒரு குளமும், அதைச் சுற்றி மரங்களும் வீடுகளும் மனிதர்களும் கால்நடைகளும் அமைந்த ஓவியம் இது. 1942-இல் சீன பவனத்தில் சாந்திநிகேதன் வளாக வாழ்க்கையை வரைந்தார்.

அவருடைய மிகப் பெரிய படைப்பு, இந்தி பவனத்தின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் 1946–47-இல் தீட்டப்பட்ட இடைக்கால இந்திய அருளாளர் வரலாறு ஆகும். கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த் சிங் முதலியோர் இதில் இடம்பெறுகின்றனர். அருளாளர்களோடு உழைக்கும் எளிய மக்களும் ஓர் ஆறு ஓடுவதுபோல் தொடர்ந்து வருகின்றனர்.

இது 'பிரெஸ்கோ' முறையில் அமைந்தது. சுவரில் பூசிய சுண்ணாம்புக் காரை ஈரமாக இருக்கும்போதே, நீரில் குழைத்த நிறமிகளைத் தீட்ட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடுடன் வினைபுரிந்து கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது நிறம் சுவரோடு ஒன்றிவிடும். காரை உலர்ந்துவிட்டால் திருத்த இயலாது. ஆகவே ஒரு நாளில் தீட்டக்கூடிய பரப்புக்கு மட்டுமே காரை பூசுவர். முழு அளவு மாதிரிப்படத்தைச் சுவரில் பெயர்த்தெடுக்கும் வழக்கத்தைப் பின்பற்றாமல், முகர்ஜி நேரடியாகவே வரைந்தார். சுவருக்கு மிக அருகில் நின்றே அவரால் பார்க்க முடியும் என்பதால், முழு அமைப்பையும் மனத்திலேயே கொண்டிருக்க வேண்டியிருந்தது. இப்பணியில் உதவிய மாணவர்களுள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர் பின்னாளில் புகழ்பெற்ற ஓவியரானார்.

பார்வை இழப்புக்குப் பின்

பின்னர் முகர்ஜி நேபாளம், வனஸ்தலி, முசோரி ஆகிய இடங்களில் பணியாற்றினார். 1950-களின் பிற்பகுதியில் செய்த கண்புரை அறுவை சிகிச்சை பயனளிக்கவில்லை. எஞ்சியிருந்த பார்வையும் போயிற்று. சாந்திநிகேதனுக்குத் திரும்பிய அவர் கலை வரலாறு கற்பித்தார். பிறர் எழுதத் தாம் சொல்லிக் கட்டுரைகளும் 'சித்ரகர்' என்னும் தன்வரலாற்று நூலும் படைத்தார்.

தூரிகை ஓவியத்தில் நிறங்கள் கலப்பதையும் கோடு எங்கே முடிகிறது என்பதையும் கண்ணால்தான் அறிய முடியும். வெட்டிய காகிதத்தின் விளிம்பையோ விரலால் தடவி அறியலாம். எனவே அவர் வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டி உருவங்கள் அமைத்தார். நிறம் எது என்று உடனிருப்பவர் சொல்ல, எதை எங்கே வைப்பது என்பதை அவரே முடிவு செய்தார். மெழுகில் சிறு உருவங்களையும் பிடித்தார். காகிதத்தை மடித்து உருவாக்கிய வடிவங்களை அடிப்படையாகக் கொண்டு, 1972-இல் கலா பவனச் சுவரில் ஓட்டுப்பதிப்பு ஒன்றை அமைத்தார்.

அவருடைய மாணவரான திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய், அதே ஆண்டில் 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தை அவரைப் பற்றி எடுத்தார். 1974-இல் முகர்ஜிக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. அவருடைய மகள் மிருணாளினி முகர்ஜியும் சிற்பியாகப் புகழ்பெற்றார்.

கலைச் சிறப்பு

முகர்ஜியின் பிற்காலப் படைப்புகளை இரக்கத்தோடு மட்டும் பார்ப்பது சரியாகாது. தெளிவான புறவடிவம், தேவையற்ற விவரங்களை விலக்குதல், உருவங்களுக்கு இடையே விடும் வெற்றிடம் ஆகியவை அவருடைய தொடக்ககால நிலக்காட்சிகளிலும் சுவரோவியங்களிலும் இருந்தவையே. பார்வை போனபின் தூரிகையின் இடத்தில் கத்தரிக்கோலும் மெழுகும் வந்தன. நாற்பது ஆண்டுக் காலம் கூர்ந்து நோக்கிச் சேர்த்த நினைவு அவரிடம் இருந்தது. அதை வெளிப்படுத்தத் தம் கைகளுக்கு ஏற்ற புதிய பொருள்களை அவர் தேடிக்கொண்டார்.