50 வயசுக்கு மேல் 200 கி.மீ. சைக்கிள் மிதிக்க முடியுமா? மீஞ்சூர்வாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மீஞ்சூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் ஸ்டேஷனுக்கும் ஷிஃப்டுக்கும் சைக்கிளிலேயே போய் வந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. பைக் வந்ததும் அந்தச் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிவிட்டது. இப்போது சர்க்கரை, பி.பி. என்று டாக்டர் "நடங்க, இல்லாட்டி சைக்கிள் ஓட்டுங்க" என்கிறார். சிலர் அதோடு நிற்காமல், ஒரே நாளில் 200 கி.மீ. போனால் என்ன என்று யோசிக்கிறார்கள்.

இந்த வயசில் இது ஆசையா, ஆபத்தா? விரிவாகப் பார்க்கலாம்.

பி.ஆர்.எம். என்றால் என்ன?

நீண்ட தூர சைக்கிள் பயணத்துக்கென்றே பிரான்ஸில் உருவான முறை இது. 'ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்' என்ற அமைப்பு உலக அளவில் இதைக் கவனிக்கிறது. இந்தியாவில் 'ஆடாக்ஸ் இந்தியா' மூலம் நடக்கிறது. சென்னையில் 'மெட்ராஸ் ராண்டனர்ஸ்' போன்ற குழுக்கள் நடத்துகின்றன.

தூரமும் நேரமும் இதுதான்:

- 200 கி.மீ. – 13 மணி 30 நிமிடம்
- 300 கி.மீ. – 20 மணி நேரம்
- 400 கி.மீ. – 27 மணி நேரம்
- 600 கி.மீ. – 40 மணி நேரம்
- 1,000 கி.மீ. – 75 மணி நேரம்

நவம்பர் 1 முதல் அடுத்த அக்டோபர் 31 வரையிலான ஒரே சீசனில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால் 'சூப்பர் ராண்டனர்' பட்டம். இதன் உச்சம், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். சுமார் 1,200 கி.மீ. தூரத்தை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். கடைசியாக 2023-ல் நடந்தது. அடுத்தது 2027-ல்.

வயசானவர்களுக்கு இது ஏன் பொருந்துகிறது?

இது ரேஸ் கிடையாது. முதல் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் இல்லை. நேரத்துக்குள் முடித்தால் போதும். அதிகபட்ச வயது வரம்பும் இல்லை.

200 கி.மீ.க்கு ஓய்வு, சாப்பாடு எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரியாக 15 கி.மீ. வேகம் இருந்தால் கரை சேரலாம். இங்கே பாய்ச்சலைவிட நிதானம்தான் ஜெயிக்கும். அது வயசோடு வருகிற குணம்.

உடம்பு தாங்குமா?

வயது கூடக்கூட இதயத்தின் உச்சத் துடிப்பு குறையும். தசை கரையும். களைப்பு நீங்க அதிக நாள் ஆகும். ஆனால் இந்தச் சரிவைப் பயிற்சியால் மெதுவாக்க முடியும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி, பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 55 முதல் 79 வயது வரையிலான 125 சைக்கிள் ஓட்டிகளைப் பரிசோதித்தார்கள். பல ஆண்டுகளாக ஓட்டி வந்த அவர்களிடம் வயதுக்கேற்ற தசை இழப்பு பெரிதாக இல்லை. நோய் எதிர்ப்புக்கான டி-செல்களை உருவாக்கும் தைமஸ் சுரப்பியும் இளைஞர்களுக்கு இணையாக வேலை செய்ததாக 2018-ல் வெளியான ஆய்வு சொன்னது.

இன்னொரு உதாரணம் பிரான்ஸின் ராபர்ட் மர்ஷான். 1911-ல் பிறந்தவர். இளமையில் விட்ட சைக்கிளை 67 வயதுவாக்கில்தான் மறுபடி எடுத்தார். 2012-ல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கி.மீ. ஓட்டினார். 2014-ல் அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கி.மீ. நூறைத் தாண்டியும் வேகம் கூடியது!

ரகசியம் என்ன? அவரை ஆராய்ந்த உடலியல் நிபுணர் வெரோனிக் பில்லா வகுத்த பயிற்சியில் 80 சதவீதம் லேசான மிதி, 20 சதவீதம் மட்டுமே கடினமானது. இரண்டு ஆண்டுகளில் அவர் உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் 13 சதவீதம் உயர்ந்தது. 2021-ல் 109 வயதில் காலமானார்.

நம் நாட்டிலும் உண்டு. புனேவைச் சேர்ந்த பிரீத்தி மஸ்கே 40 வயதில்தான் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார். 2022-ல், 45 வயதில், லே–மணாலி சாலையின் சுமார் 430 கி.மீ. தூரத்தை 55 மணி 13 நிமிடத்தில் தனியாகக் கடந்தார்.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

சைக்கிள் கடைக்கு முன்னால் டாக்டரிடம் போக வேண்டும். இ.சி.ஜி., தேவைப்பட்டால் டிரெட்மில் டெஸ்ட், பி.பி., சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

இன்சுலின் அல்லது சில வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு நீண்ட தூரம் மிதிக்கும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். சிறுநீரைக் கூட்டும் பி.பி. மாத்திரை எடுப்பவர்களுக்கு நீர்ச்சத்து சீக்கிரம் வற்றும். மருந்தின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

வயசானால் தாக உணர்வும் மங்கும். எனவே தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அதற்காக வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. உப்பு போட்ட மோர், ஓ.ஆர்.எஸ். சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி எப்படி?

முதல் மாதம் வாரம் மூன்று நாள், 10 முதல் 15 கி.மீ. போதும். மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் சரியான வேகம். பிறகு வார இறுதி தூரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஐந்தாறு மாதத்தில் 150 கி.மீ.யை எட்டலாம்.

முட்டி வலி வந்தால் வயசைக் குறை சொல்வதற்கு முன் சீட்டைப் பாருங்கள். சீட் தாழ்வாக இருந்தாலும், கனமான கியரில் அழுத்தி மிதித்தாலும் முட்டிதான் வாங்கும். பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடிந்திருக்க வேண்டும்.

சைக்கிள் எலும்பை வலுவாக்குவது குறைவு. அதனால் நடை, லேசான எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள் அவசியம்.

மீஞ்சூரில் எங்கே ஓட்டலாம்?

பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் வந்தால் சுமார் 60 கி.மீ. மேடு கிடையாது. ஆனால் சமதளத்தில் இறக்கமும் இல்லை, கால் ஓயவே ஓயாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து மிதித்து, கைப்பிடியை மாற்றிப் பிடித்தால் கை மரத்துப்போகாது.

உண்மையான சவால் லாரிகள். காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் 24 மணி நேரமும் ஓடுகின்றன. 62 கி.மீ. நீள வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் இதே கதைதான். லாரியின் இடது பக்கம், குறிப்பாகத் திருப்பத்தில், டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அந்த இடைவெளியில் நுழையவே கூடாது. ஹெல்மெட், முன்–பின் லைட், ஒளிரும் ஜாக்கெட் மூன்றும் இல்லாமல் விடியலுக்கு முன் கிளம்பாதீர்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடது கை வலி, தலைசுற்றல், காரணமில்லாத குளிர் வியர்வை – இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே இறங்கி 108-க்கு போன் செய்யுங்கள். "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே" என்று மிதிப்பதுதான் ஆபத்து.

200 கி.மீ. பயணம் இந்த சீசனில் முடியாவிட்டால் அடுத்த சீசன் இருக்கிறது. இப்போதைக்கு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சைக்கிளுக்குக் காற்றடித்து, பிரேக்கைச் சரிபார்த்து, பொன்னேரி வரை ஒரு நடை போய் வாருங்கள்.