ராப் இசையமைப்பாளர் ஜே டில்லாவின் ஆரம்பகால ஆல்பம்: காசு கொடுத்து வாங்கலாமா?

டெட்ராய்ட்: ராப் இசை ரசிகர்கள் இன்றும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் இசையமைப்பாளர் ஜே டில்லா. வாலிப வயதில் அவர் போட்டுக் கொடுத்த பாட்டுகளைச் சேர்த்து 'ஜே டீலிஷியஸ்: தி டெலிஷியஸ் வினைல் இயர்ஸ்' என்ற தொகுப்பு ஆல்பம் 2007ல் வெளியானது. 1995 முதல் 1998 வரை செய்த வேலைகள் இதில் உள்ளன.

பெரிய ஆளின் பழைய சரக்கு என்றாலே ரசிகர்கள் பர்சைத் திறந்து விடுவார்கள். ஆனால் இதை வாங்கினால் பிரயோஜனம் உண்டா, இல்லை காசுக்குக் கேடா? விவரம் வருமாறு:

யார் இந்த டில்லா?

இயற்பெயர் ஜேம்ஸ் யான்சி. அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட்டில் 1974 பிப்ரவரி 7ம் தேதி பிறந்தவர். அதே ஊர் இசைக் கலைஞர் ஆம்ப் ஃபிட்லர்தான் இவருக்கு எம்.பி.சி. என்ற தாளக் கருவியைத் தொடக் கற்றுக் கொடுத்தார். 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' குழுவின் க்யூ-டிப்பிடம் இவரை அறிமுகம் செய்து வைத்ததும் அவரே. க்யூ-டிப் மூலமாக லாஸ் ஏஞ்சல்ஸ் வாய்ப்பு கதவைத் தட்டியது.

அந்தக் காலத்தில் இவர் பெயர் 'ஜே டீ'. இன்னொரு பிரபல இசையமைப்பாளர் ஜெர்மெய்ன் டுப்ரியையும் 'ஜே.டி.' என்றே அழைத்ததால் குழப்பம் வந்தது. எனவே பிறகு ஜே டில்லா ஆனார். ஆல்பத்தின் தலைப்பில் 'ஜே டீ' என்று இருப்பதைப் பார்த்து, இது வேற ஆளோ என்று நினைக்க வேண்டாம்.

2006 பிப்ரவரி 7ம் தேதி, தன் 32வது பிறந்த நாளில் 'டோனட்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டார். மூன்றே நாளில், 10ம் தேதி, ரத்த நோயாலும் லூபஸ் நோயாலும் இறந்து போனார். இவர் பயன்படுத்திய எம்.பி.சி. கருவி வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

உள்ளே என்ன சரக்கு?

டெலிஷியஸ் வினைல் என்பது 1987ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கப்பட்ட கம்பெனி. அதன் முக்கியக் குழுக்களில் ஒன்று 'பார்சைட்'. இவர்களின் இரண்டாவது ஆல்பம் 'லேப்கேபின்கலிஃபோர்னியா' 1995ல் வந்தது. அதில் பல பாட்டுகளுக்கு இசை போட்டவர் 21 வயது டில்லா.

அதில் 'ரன்னிங்' பாட்டு செம ஹிட். ஸ்டான் கெட்ஸ், லூயிஸ் பான்ஃபா ஆகியோரின் பழைய பிரேசில் ஜாஸ் இசைத்தட்டில் இருந்து கிடார் துண்டை எடுத்து, அதன் மேல் தாளம் அமைத்திருக்கிறார். பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 55வது இடம் வரை போனது. 'ட்ராப்' பாட்டுக்கு ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த வீடியோவும் பரபரப்பானது. பாடகர்கள் வரிகளைத் தலைகீழாக உச்சரிக்கப் பழகி நடித்தார்கள். பிறகு படத்தைத் திருப்பி ஓட விட்டார்கள்.

இந்த இரண்டும் தொகுப்பில் உண்டு. கூடவே பார்சைட் பாட்டுகளுக்கும், 'பிராண்ட் நியூ ஹெவீஸ்' குழு, பாடகி என்டியா டேவன்போர்ட் ஆகியோரின் பாட்டுகளுக்கும் டில்லா செய்த ரீமிக்ஸ்கள் இருக்கின்றன.

இல்லாதது எது?

இங்கேதான் உஷாராக இருக்கணும். 'ஆரம்பகாலம்' என்றால் முழு ஆரம்பகாலம் இல்லை. சொந்த ஊர் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய 'ஸ்லம் வில்லேஜ்' குழுவின் பாட்டுகள் இதில் கிடையாது. 1996ல் ட்ரைப் குழுவுக்கும், டி லா சோல் குழுவுக்கும் செய்த வேலையும் இல்லை.

காரணம் ரொம்ப சிம்பிள். ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக அதை வெளியிட்ட கம்பெனியிடம் இருக்கும். ட்ரைப் பாட்டுகள் ஜைவ் கம்பெனியில் வந்தவை, டி லா சோல் பாட்டுகள் டாமி பாய் கம்பெனியில் வந்தவை. அடுத்தவன் கடைச் சரக்கை இவர்கள் எப்படி விற்க முடியும்? ஆக, இது ஒரு கம்பெனியின் அலமாரியில் இருந்த டில்லா மட்டுமே.

பணம் யாருக்கு?

'வாங்கினால் அவர் குடும்பத்துக்குப் போகுமே' என்று நினைப்பவர்களும் உண்டு. அது பேசிய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. விற்பனைப் பணம் முதலில் ஒலிப்பதிவு உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்குப் போகும். பழைய இசைத்தட்டின் துண்டைப் பயன்படுத்தியிருந்தால் அதன் உரிமையாளருக்கும் பங்கு உண்டு. ரீமிக்ஸ் வேலை பெரும்பாலும் ஒரே தொகையாகக் கூலி பேசி முடிக்கப்படுவது. அப்படி முடிந்திருந்தால், எத்தனை பிரதி விற்றாலும் ரீமிக்ஸ் செய்தவருக்கு அதில் எதுவும் வராது. எனவே பாட்டு பிடித்தால் வாங்குங்க. உதவி என்று நினைத்து வாங்க வேண்டாம்.

யார் வாங்கலாம்?

'லேப்கேபின்கலிஃபோர்னியா' கையில் இல்லாதவர்கள் தாராளமாக வாங்கலாம். டில்லாவின் இளமைக் கைவரிசை ஒரே இடத்தில் கிடைக்கிறது. ஜாஸ் வாசனை, கனமான பேஸ், தாளத்தில் லேசான தள்ளாட்டம் என்று பின்னாளில் அவருக்குப் பேர் வாங்கித் தந்த சங்கதிகள் இதிலேயே முளை விட்டிருக்கின்றன.

அந்த ஆல்பம் ஏற்கனவே இருந்தால் பாதிக் காசு பழைய பாட்டுக்கே போகும். ரீமிக்ஸ் மேல் ஆசை இருந்தால் மட்டும் கை வைக்கலாம். ஒரே பாட்டு பல வடிவத்தில் வருவது எல்லோருக்கும் ஒத்து வராது.

'டோனட்ஸ்' கேட்டு மயங்கி, அதே மாதிரி எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். அது பாடகர் இல்லாமல், சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒட்டிய இசை. இது பாடகர்களுக்காகப் போட்ட இசை. ரெண்டும் வேற வேற ருசி.

வாங்கும் முன் 'ரன்னிங்' பாட்டையும், பார்சைட்டின் 'ஷி செட்' பாட்டுக்கு டில்லா செய்த ரீமிக்ஸையும் ஒரு முறை கேட்டுப் பாருங்க. ரெண்டும் பிடித்தால் ஆல்பத்தை வாங்கலாம். முதல் பாட்டு மட்டும் பிடித்தால் பார்சைட் ஆல்பமே போதும், காசு மிச்சம்!