மேசை இல்லாத வைஸ்

சித்தூர் பக்கம் ஆயிரம் அடி போர் என்றால் இப்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை. கீழே கருங்கல் பாறை; தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் கிடக்கிறது. உள்ளே இறக்கிய மோட்டார் பழுதாகிவிட்டால் அதை யாரும் பட்டறைக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் அது மேலே வர வேண்டும். அதற்காக மெக்கானிக் முக்காலி, செயின் பிளாக், பைப் ரிஞ்ச் எல்லாவற்றையும் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு நிலத்துக்கே வருகிறார். பட்டறை மேசையை மட்டும் அவர் கொண்டுவருவதில்லை.

ஆனால் அவர் பிடித்து நிறுத்த வேண்டிய பாரம் சாதாரணமானதல்ல. ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் மீட்டருக்கு மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். 600 அடிக்கு இறக்கியிருந்தால் பைப் மட்டுமே 650 கிலோ. பைப்புக்குள் நிற்கும் தண்ணீர், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும். 20 அடிப் பைப் ஒன்றை வெளியே இழுத்துக் கழற்றும் ஒவ்வொரு முறையும், கீழே தொங்கும் மீதிப் பாரம் முழுவதையும் ஏதோ ஒன்று தாங்கியாக வேண்டும்.

தாங்குவது ஒரு கிளாம்ப். நடுவில் அரைவட்டமாக வளைத்த இரண்டு இரும்புத் துண்டுகள் பைப்பை இருபுறமும் கவ்வியிருக்கும். இரு பக்கமும் போல்ட். கேசிங் வாயின்மேல் அது குறுக்காக உட்கார, பைப்பின் சாக்கெட் அதன்மேல் வந்து அமரும். கிளாம்பைத் தரையோடு யாரும் பூட்டவில்லை. பைப்பின் பாரமே அதைக் கேசிங்மேல் அழுத்தி அசையவிடாமல் வைக்கிறது. மரையைக் கழற்றும்போது ஒரு ரிஞ்ச் கீழே சாக்கெட்டைப் பிடிக்கும், இன்னொன்று மேலே பைப்பைத் திருப்பும். ஒன்றின் முறுக்கை மற்றொன்று தின்றுவிடுவதால் கிளாம்புக்குத் திருகு விசை அதிகம் போய்ச் சேர்வதில்லை.

பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸை மாட்ட மேசை இல்லையே என்று தயங்குபவர்கள் பார்க்க வேண்டிய காட்சி இது. நாம் முதலில் கேட்பது, மேசை எவ்வளவு கனம் என்பதைத்தான். கேட்க வேண்டியது, நாம் கொடுக்கும் விசை எந்த வழியாகப் போய் எங்கே முடிகிறது என்பதை.

வைஸின் இறுக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 150 மில்லிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் கை போகும் தூரம் ஏறத்தாழ 940 மில்லிமீட்டர். மரையின் இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றால் அசையும் தாடை அந்த 5 மில்லிமீட்டர்தான் நகரும். கணக்குப்படி விசை 188 மடங்காக வேண்டும். மரையின் உராய்வில் முக்கால் பங்குவரை போய்விடும் என்று வைத்தாலும் 47 மடங்கு மிச்சம். 15 கிலோ அழுத்தத்தில் கையைத் திருப்பினால் தாடைகள் 700 கிலோ விசையில் கவ்வுகின்றன. இவ்வளவு வீணாக்கும் உராய்வு கெட்டது என்று நினைக்க வேண்டாம்; கையை எடுத்த பிறகும் வைஸ் தானாகத் தளராமல் நிற்பது அதனால்தான். மரை என்பது உருளையைச் சுற்றிய ஓர் ஆப்பு. சரிவு போதிய அளவு மெல்லியதாக இருந்தால், அடித்த ஆப்பு பின்வாங்காது.

இந்த 700 கிலோவில் ஒரு கிராம்கூட மேசைக்குப் போவதில்லை. ஒரு தாடை தள்ளுவதை மற்றொரு தாடை தாங்கிக்கொள்கிறது. விசை வைஸின் உடம்புக்குள்ளேயே வட்டமடித்து முடிகிறது. மேசை தாங்க வேண்டியது வைஸின் எடையையும் நாம் செய்யும் வேலையின் விசையையும்தான். அரம் போடும்போது தள்ளும் தள்ளு, ஹாக்ஸாவால் அறுக்கும்போது தள்ளும் தள்ளு, சுத்தியல் அடி ஆகியவை அந்த விசைகள்.

நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாகக் காணும் ஏற்பாடு, பழைய லாரி வீல் ரிம்மின் நடுவில் ஒரு பைப்பை நட்டு, தலையில் தகடு வெல்டிங் வைத்து, அதன்மேல் வைஸைப் போல்ட் போடுவது. உருட்டிக்கொண்டு போகலாம், மழை வந்தால் உள்ளே தள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நினைப்பதைவிடப் பலவீனமானது. ரிம், பைப், வைஸ் எல்லாம் சேர்ந்து 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20 அங்குல ரிம்மின் நடுவிலிருந்து விளிம்புக்கு 27 சென்டிமீட்டர். அதைக் கவிழ்க்க 17 கிலோ-மீட்டருக்குச் சற்று மேல் திருப்புவிசை போதும். வைஸின் தாடை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது ஐ.டி.ஐ.யில் சொல்லித்தரும் வழக்கம். அதாவது தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவு. அந்த உயரத்தில் அரத்தை 15 கிலோ விசையில் தள்ளினால் 15 கிலோ-மீட்டர். ஒரு முரட்டுத் தள்ளு போதும், ரிம்மின் பின் விளிம்பு தரையை விட்டு எழும்பிவிடும்.

இதற்கு மேலும் கனம் சேர்த்து, ரிம்முக்குள் கான்கிரீட் ஊற்றுகிறவர்கள் உண்டு. பிறகு அதை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். எதற்காக இப்படிச் செய்தோமோ அதுவே போய்விடும். என் கட்சி வேறு. ரிம்மை மூன்றடி நீளப் பலகை ஒன்றில் போல்ட் போட்டுவிட்டு, வேலை செய்பவர் அந்தப் பலகைமேலேயே ஏறி நிற்கட்டும். 60 கிலோ ஆளின் எடை இனாமாகக் கிடைப்பது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு: கை முன்னால் தள்ளும்போது கால் அதே அளவு பின்னால் உதைக்கிறது, இரண்டும் ஒரே பலகையில். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து முன் சீட்டை எவ்வளவு தள்ளினாலும் பஸ் நகராது அல்லவா, அதே கதை. பலகையை வழுக்கவைக்க விசை எதுவும் வெளியே மிஞ்சுவதில்லை. ஆளும் ஸ்டாண்டும் சேர்ந்த எடை பலகையின் எல்லைக்குள் விழும்வரை கவிழவும் செய்யாது. பக்கவாட்டில் இழுக்கும் வேலைக்கு மட்டும் பலகை அகலமாக இருக்க வேண்டும்.

உலகம் முழுக்க விற்ற ஒரு மடக்கு மேசையிலும் இந்தச் சூட்சுமம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன், 1961இல் ஒரு நாற்காலிமேல் பலகையை வைத்து அறுக்கப்போய் நாற்காலியையே கெடுத்துக்கொண்டார். அந்த எரிச்சலில் பிறந்தது ‘வொர்க்மேட்’. மேல்தட்டே இரண்டு நீளத் தாடைகள். கீழே ஒரு கால்படி. எடை குறைவான மேசை, அந்தப் படியில் ஒரு காலை ஊன்றினால் நிலைத்துவிடும். 1970களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அதைத் தயாரிக்க எடுத்துக்கொண்டது.

காலை ஊன்றுவது என்றதும் ஏர்ப்பேடு மண்டலத்து மாதவமாலா நினைவுக்கு வராமல் இருக்காது. ரேணிகுண்டாவிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி போகும் வழிப் பக்கம், 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் இருக்கும் மரச்சிற்ப ஊர் அது. நம் வீட்டுக் கொலுவில் நிற்கும் மரப்பாச்சி ஜோடிக்கு உரிய மரம், பக்கத்துச் சேஷாசலம் மலையில் வளரும் செம்மரம். வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு அடர்த்தி. வெட்டுவதற்குக் கட்டுப்பாடு கடுமை என்பதால் சிற்பிகள் வேறு மரங்களையும் நாடுகிறார்கள்.

தரையில் உட்கார்ந்து செதுக்கும் நம் சிற்பிகளுக்குப் பாதம்தான் வைஸ். கட்டையின் ஒரு முனை தரையிலோ ஒரு துண்டு மரத்திலோ முட்டி நிற்க, மறு முனையைப் பாதங்கள் அணைக்கின்றன. கொட்டாப்புளியால் உளியைத் தட்டும்போது விசை பெரும்பாலும் கீழ்நோக்கிப் போகிறது. தரை அதை வாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் தள்ளும் கொஞ்ச விசை கட்டை வழியாகப் பாதத்துக்கும், கால், இடுப்பு, தோள் வழியாகத் திரும்பக் கைக்கும் வந்து சேர்கிறது. இதை ஏழ்மையின் ஏற்பாடு என்று நினைப்பவர்கள் வேலையைக் கவனிக்காதவர்கள். சிலையின் முகத்தைச் செதுக்கும்போது கட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கால் விரலை லேசாகத் தளர்த்தினால் கட்டை திரும்பிவிடும். வைஸ் என்றால் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். போதாததற்கு அதன் பல் வைத்த இரும்புத் தாடை சிலையின் கன்னத்தில் தழும்பு போட்டுவிடும்.

பிளம்பர்களின் வழி மரம்தான், அதாவது நிற்கிற மரம். பைப் வைஸை ஒரு கனமான பலகையில் பொருத்தி, அதை வேம்பிலோ தென்னையிலோ லோடு பெல்ட்டால் இறுகக் கட்டிவிடுகிறார்கள். கயிறு முறுக்கில் நெகிழும். பெல்ட் அவ்வளவு நெகிழாது. பட்டை நசுங்காமலிருக்க உள்ளே சாக்கு மடித்து வைக்கலாம். டை போட்டு மரை வெட்டும்போது கைப்பிடியை மேலே தூக்குவதைவிடக் கீழே அழுத்துவது நல்லது. உடம்பின் எடை உதவும். கரண்ட் கம்பத்தில் மட்டும் யாரும் கட்டவேண்டாம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

பலகைக்கும் பெல்ட்டுக்கும் ஒத்துவராத வேலை சுத்தியல் வேலை. அடி ஒரு நொடியில் வந்து போகும் விசை. அதற்குள் பலகையும் பெல்ட்டும் அதிர்ந்து, பாதி அடி வீணாகிவிடும். கொல்லுப்பட்டறை வைஸுக்குத் தரைவரை நீளும் ஒரு கால் இருப்பது அதற்காகத்தான். அடி நேராகத் தரைக்கு இறங்கிவிடும். ரிம் ஸ்டாண்டில் தட்ட வேண்டிவந்தால் வைஸுக்கு நேர் அடியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, அசையாத தாடையின் பக்கமாகத் தட்ட வேண்டும். சாதாரண பெஞ்ச் வைஸ்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அசையும் தாடையை ஓங்கி அடித்தால் வெடித்துவிடும். அதைவிடப் பாதுகாப்பு, அடி வேலையை வைஸுக்கே கொண்டுவராமல், தண்டவாளத் துண்டு ஒன்றைக் கெட்டித் தரையில் போட்டு அதன்மேல் வைத்து முடித்துக்கொள்வது.