ஒரே கார்டு, பல வீடுகள்: சிக்கனமா, சிக்கலா?

சந்திரகிரி, சித்தூர் வட்டாரங்களில் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழி அலைவரிசைகளையும் விரும்பும் குடும்பங்கள் பல உண்டு. இரண்டுக்கும் சந்தா கட்டுகையில் மாதச் செலவு கூடுகிறது. இந்நிலையில், ‘ஒரே கார்டில் பல வீடுகளுக்கு இணைப்பு, பாதிக் கட்டணம்’ என்று எவரேனும் கூறினால் மனம் இசைவது இயல்பே. எனினும், இசையுமுன் அறிய வேண்டியவை சில உள்ளன.

டி.டி.எச். ஒளிபரப்பு பூட்டப்பட்ட வடிவில் வருகிறது. செட்டாப் பாக்ஸில் உள்ள ஸ்மார்ட் கார்டு, சந்தாதாரருக்கு மட்டும் அதைத் திறக்கும் சாவியைத் தருகிறது. சில வினாடிகளுக்கு ஒருமுறை அச்சாவி மாறும். கார்டு பகிர்வோர், மாறும் சாவிகளை இணையம் வழியே பிற பெட்டிகளுக்கு உடனுக்குடன் அனுப்புகின்றனர். சந்தா கட்டுபவர் ஒருவர், பார்ப்பவர் பலர்.

பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 37ஆம் பிரிவு, ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒளிபரப்பின் மீது 25 ஆண்டு உரிமை வழங்குகிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவின்படி, உரிமை மீறும் நோக்குடன் பாதுகாப்புப் பூட்டை முறியடிப்போருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 63ஆம் பிரிவு, தெரிந்தே உரிமை மீறுவோரோடு அதற்கு உடந்தையாவோரையும் சேர்த்தே கூறுகிறது. அதன்படி பொதுவாக 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

விசாரணை வந்தால் முதலில் தேடப்படுபவர் கார்டுக்கு உரியவரே. கார்டின் எண்ணோடு அவரது பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவை பதிவாகியுள்ளன. தம் வங்கிக் கணக்கை அயலாருக்கு இரவல் கொடுத்தவர், அதில் நடந்த மோசடிக்கு விளக்கம் அளிக்க நேர்வதைப் போன்றதே இதுவும்.

பணம் கொடுத்துப் பார்ப்பவருக்கும் பாதுகாப்பில்லை. ரசீது கிடைக்காது; இணைப்பு நின்றால் நிறுவனத்திடம் முறையிட இயலாது. விற்பவர் அனுப்பும் முன்பின் அறியாத செயலியைக் கைப்பேசியில் ஏற்றினால், ஓ.டி.பி., யு.பி.ஐ. பின் ஆகியவையும் களவு போகக்கூடும். அவ்வாறு பணம் இழந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணிலும் தங்கள் வங்கிக் கிளையிலும் தெரிவித்தல் வேண்டும்.

செலவைக் குறைக்க நேரிய வழிகள் உள்ளன. 2019 முதல் நடைமுறையில் உள்ள டிராய் விதிகளின்படி, வேண்டிய கட்டண அலைவரிசைகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். பார்க்காதவற்றை நீக்கினாலே கட்டணம் குறையும். அதே வீட்டின் இரண்டாவது தொலைக்காட்சிக்குச் சலுகை உண்டா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். 2004இல் தொடங்கிய தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவைக்கு மாதச் சந்தா இல்லை. பெட்டிக்கும் ஆன்டெனாவுக்கும் ஒருமுறை செலவிட்டால் போதும்.

டெபிட் கார்டைப் பிறரிடம் கொடுக்கத் தயங்கும் நாம், நம் பெயரிலுள்ள இந்தக் கார்டையும் அவ்வாறே பேணுதல் நன்று.