பத்து மாதக் கணக்கு

'பத்து மாதம் சுமந்தவள்' என்று நாம் தாயைப் போற்றுகிறோம். காலண்டரோ ஒன்பது மாதம் என்கிறது. இரண்டும் மெய்யே, 28 நாள் கொண்ட மாதங்கள் பத்து, 280 நாட்களாகும்.

ஜெர்மானிய வைத்தியர் நேகலே (1778–1851) பெயரால் வழங்கும் விதி எளிது: கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுக. ஜனவரி 10 எனில் அக்டோபர் 17. மாதவிலக்கு ஒழுங்காக வாராதவர்க்கு முதல் மூன்று மாதத்திற்குள் எடுக்கும் ஸ்கானே தக்க சான்று.

முதல் 12 வாரங்களில் சிசுவின் அவயவங்கள் உருவாகின்றன. 20-ஆம் வாரத்தையொட்டித் தாய் அதன் அசைவை உணர்கிறாள். கடைசி மூன்று மாதங்களில் எடை கூடுகிறது.

குறித்த நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்தே. ஆகவே நாள் தவறியதென்று கர்ப்பிணியை வாட்டுதல் வீண். ஆனால் 37 வாரத்திற்கு முன் வலி கண்டாலோ, 41 வாரம் கடந்தாலோ, தாமதியாது ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது நம் கடமை.