தானியேல் சொன்ன சிலையும் தேவசகாயம் பிள்ளையும்

நம் ஜீவனஹள்ளியில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அன்பர்கள் தானியேல் ஆகமத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். சமணனாகிய நானும் அதை விரும்பிப் படித்தவன்.

பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் கனவிலே ஒரு சிலை. தலை பொன், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால் இரும்பு, பாதம் பாதி இரும்பு பாதி களிமண். கை படாமல் பெயர்ந்த ஒரு கல் பாதத்தில் மோத, சிலை தூளாகிறது. உலோகங்கள் அடுத்தடுத்து வரும் பேரரசுகள்; கல், அழியாத இறையரசு.

எந்த உலோகம் எந்த நாடு என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் நூலின் நோக்கம் ஜோசியம் அல்ல. கி.மு. 167 வாக்கில் அந்தியோக்கஸ் மன்னன் எருசலேம் ஆலய வழிபாட்டைத் தடுத்தபோது, துன்பப்பட்ட யூதர்களுக்குத் தைரியம் சொல்லவே இந்நூல் இன்றைய வடிவம் பெற்றது என்பது அறிஞர் பலர் கருத்து. பின்னாளில் ரோமாபுரி ஆட்சியில் வதைபட்ட கிறிஸ்தவர்களும் இதைப் பற்றிக்கொண்டார்கள்.

நம்மவர் ஒருவரைப் பாருங்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறை, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ராஜத்துரோகமே காரணம் என்பாரும் உண்டு. விசுவாசத்துக்காக உயிர் விட்டார் என்பது திருச்சபை முடிவு. 1949இல் திருவிதாங்கூர் தனியரசாக இல்லாமல் போயிற்று. 2022 மே 15இல் பிள்ளை புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நாலடியாரும் நிலையாமையில்தான் தொடங்குகிறது. எங்களுக்கு அது பற்றை விடச் சொல்லும் பாடம். தானியேலோ, அரசு நிலையாது, நீ பிடித்ததை விடாதே என்கிறார். இந்த வேற்றுமையைப் புரிந்துகொண்டால் அண்டை வீட்டார் ஜெபத்தின் பொருள் நமக்கும் விளங்கும்.