மரவள்ளியும் பலாவும்: ஒரே நிலத்தில் இரு வேறு தேவைகள்

கேரளத்தின் மேட்டு நிலங்களில் வீட்டைச் சூழ்ந்துள்ள சிறு தோட்டங்களில், மரவள்ளியும் பலாவும் அருகருகே நிற்பது வழக்கமான காட்சியாகும். இரண்டும் வெப்பநாட்டுப் பயிர்கள். இரண்டும் பெரும்பாலும் மழையை நம்பியே வளர்கின்றன. பஞ்ச காலத்தில் எளிய மக்களின் பசியை ஆற்றியவையும் இவையே. 1942-ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் மக்களுக்குப் பெருந்துணையாக நின்றது மரவள்ளிக் கிழங்கு. ஆயினும், இவ்விரண்டின் தேவைகளும் ஒன்றே எனக் கருதி நடுவோர் இரண்டில் ஒன்றை இழக்க நேரிடுகிறது. முதிர்ந்த பலாவின் நிழலில் கரணை நட்டு, கிழங்கின்றித் தழையை மட்டும் கண்டோர் பலர். கிழங்கு தோண்டும்போது இளம் பலாவின் வேரை மண்வெட்டியால் அறுத்தோரும் உளர். முன்னதில் ஓராண்டு உழைப்பு வீணாகும். பின்னதில் பல ஆண்டுக் காத்திருப்பு வீணாகும்.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் வழியாக மேற்குக் கரையை அடைந்த இப்பயிரை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தம் நாட்டில் பரவச் செய்தார். பலாவோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கே உரிய மரம். காட்டு மரத்தின் இயல்பு இன்றும் அதனிடம் மாறவில்லை: இளமையில் சிறிது நிழலை விரும்பும், வளர்ந்தபின் தானே பிறவற்றுக்கு நிழலாகும்.

வெட்டுக்கல் பாறை சிதைந்து உண்டான செந்நிறப் புளிப்பு மண்ணில் இரண்டும் வளரும். வளமற்ற மண்ணிலும் ஓரளவு விளைச்சல் தருவது மரவள்ளியின் சிறப்பு. இதனைக் கொண்டு அதற்கு எருவே வேண்டாம் எனப் பலர் எண்ணுகின்றனர், அது தவறு. தோண்டியெடுக்கும் கிழங்கோடு மண்ணிலுள்ள சாம்பல் சத்து பெருமளவில் வெளியேறி விடுகிறது. உயர் விளைச்சல் வகைகளுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழு எருவுடன் தழைச்சத்து 100, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 100 கிலோகிராம் என்னும் அளவு பரிந்துரைக்கப்படுகிறது. தழைச்சத்தை மட்டும் மிகுதியாக இட்டால் செடி செழிக்கும், கிழங்கு சிறுக்கும். பலா இத்தகைய உடனடிக் கணக்கைக் கேட்பதில்லை. உதிரும் தன் இலைகளாலேயே அடிமண்ணுக்கு ஒரு பகுதி உரத்தைத் திருப்பித் தருகிறது. எனினும், அதற்கு ஆழமான மண் வேண்டும். அரை மீட்டர் ஆழத்தில் கடும்பாறை குறுக்கிடும் இடத்தில் மரவள்ளி பிழைத்துக்கொள்ளும்; பலா நெடுநாள் நில்லாது.

நீரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தேங்கும் நீரை இரண்டுமே பொறுப்பதில்லை. ஒன்றின் கிழங்கு அழுகும். மற்றதன் வேர் மூச்சடைத்து மரம் பட்டுப்போகும். வறட்சியில்தான் வேற்றுமை வெளிப்படுகிறது. மழை பொய்த்தால் மரவள்ளி இலைகளை உதிர்த்து அடங்கியிருந்து, மழை வந்தபின் சேமித்த மாவுச்சத்தைக் கொண்டு மீண்டும் தளிர்க்கும். அவ்வாறு வாடிய செடியின் கிழங்கில் நச்சுப்பொருளின் அளவு கூடுவதுண்டு என்பதைக் களப் பணியாளர் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். துண்டு செய்து நீரில் நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துவிடும் பழைய வழக்கம் காரணமின்றி எழுந்ததன்று. இளம் பலாக்கன்றுக்கு இத்தகைய தந்திரம் இல்லை. முதல் இரண்டு மூன்று கோடைகளில் நீர் ஊற்றி, அடிமண்ணைச் சருகால் மூடிக் காத்தல் இன்றியமையாதது.

ஒளியே இவ்விரண்டையும் முற்றிலும் பிரிப்பது. மரவள்ளி நாள் முழுதும் வெயிலை வேண்டும். நிழலில் தண்டு நீண்டு மெலியும். இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்காது. கிழங்கு திரள்வது தாமதமாகும். 90 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஓர் எக்டேரில் ஏறக்குறைய 12,300 செடிகள் நிற்கும். 12 மீட்டர் இடைவெளியில் பலா நட்டால் அதே நிலத்தில் 69 மரங்களே நிற்கும். இந்த அகன்ற இடைவெளி தொடக்க ஆண்டுகளில் வெறுமையாகக் கிடக்கிறது. பலாவின் கவிகை விரிந்து மண்ணை மூடும்வரை, அதாவது முதல் மூன்று நான்கு ஆண்டுகள், மரவள்ளிக்கு அங்கே இடமுண்டு. அதன்பின் மரவள்ளியை நிறுத்திவிட்டு, நிழலைத் தாங்கும் இஞ்சி, மஞ்சள் போன்றவற்றை நாடுதலே அறிவுடைமை.

இடையில் நடும்போதும் கன்றைச் சுற்றி ஒன்றரை மீட்டர் தொலைவுக்குள் கரணை நடலாகாது. ஆண்டுதோறும் மரம் வளர வளர அவ்வட்டத்தை அகற்றிக்கொண்டே போக வேண்டும். சரிவான நிலத்தில் பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே அமைதல் வேண்டும். நட்ட இரண்டு மூன்று மாதங்களுக்கு மரவள்ளியின் இலைகள் மண்ணை மூடுவதில்லை; ஜூன் மாதப் பெருமழை அக்காலத்தில் மேல்மண்ணை அள்ளிச் செல்லும்.

நடுபொருளிலும் கருத்து வேண்டும். மரவள்ளிக்கு முதிர்ந்த தண்டிலிருந்து வெட்டிய 20 சென்டிமீட்டர் கரணை போதும். ஆனால், தேமல் நோயுற்ற செடியின் கரணை நோயைத் தன்னுடனேயே கொண்டு வரும். வெள்ளை ஈ அதனைப் பரப்பும். திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் எச்-97, எச்-165, எச்-226 ஆகிய கலப்பின வகைகளை வெளியிட்டது. எவ்வகையாயினும் நோயற்ற செடியைத் தெரிந்து வெட்டுவது பயிரிடுவோரின் கடமையே. பலாக்கொட்டையோ உலர்ந்தால் முளைப்புத் திறனை இழக்கும்; பழத்திலிருந்து எடுத்தவுடன் ஊன்றுவதே நன்று. மேலும், வருக்கைப் பழத்தின் கொட்டை வருக்கையையே தரும் என்பதற்கு உறுதியில்லை. கொட்டைக் கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். கூழன் என்பது அதன்பின் தெரியவந்தால் என்ன செய்வது? ஆதலின் ஒட்டுக்கன்றே ஏற்றது. மூன்று நான்கு ஆண்டுகளில் காய்ப்பும் தொடங்கும்.

பள்ளித் தோட்டம் உள்ள ஆசிரியர்கள் இதனை மாணவருக்கு எளிதில் காட்டலாம். ஒரே செடியிலிருந்து வெட்டிய பத்துக் கரணைகளில் ஐந்தை வெட்டவெளியிலும் ஐந்தை மர நிழலிலும் நட்டு, ஒரே அளவில் எருவும் நீரும் இட்டு, பத்தாம் மாதம் தோண்டிக் கிழங்கை நிறுத்துப் பார்க்கச் செய்க. பலாக்கொட்டைகளில் சிலவற்றைப் பழம் அறுத்த அன்றும், எஞ்சியவற்றை நிழலில் பரப்பி வைத்து வாரத்துக்குச் சிலவாகவும் ஊன்றி, முளைத்தவற்றை எண்ணிக் குறித்து வரச் செய்க.